அப்பாவிடம் மிஞ்சியிருக்கும் சொல்

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீ காவல் நிற்கும் மலையில் பனி கொட்டுகிறது என்று தங்கை சொன்னாள். காதையும் கழுத்தையும் மூடிக்கொள். உனக்குச் சளி பிடித்தால் நேரே நெஞ்சுக்கு இறங்கிவிடும், அங்கே தைலம் தேய்த்துவிட யார் இருக்கிறார்கள்? எனக்கு ஒரு குறையும் இல்லை. தங்கைக்குப் பரீட்சை நடக்கிறது, வீட்டில் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. அப்பாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போகிறேன்.

போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை முயன்றேன். உன் முகாமுக்குச் சிக்னலே கிடையாதாம். உங்கள் அலுவலகத்தில் எடுத்தவர் நல்ல மனிதர். "கடிதம் போடுங்கம்மா, சாமான் ஏத்திப் போற வண்டியில சேர்த்துடுறோம்" என்றார்.

அன்று நீ சிக்னல் இருக்கும் இடத்துக்கு இறங்கிவந்து கூப்பிட்டபோது நடந்ததை முதலில் சொல்கிறேன். அப்பா கண்ணாடிக் கடையில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றுதான் தங்கை உனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அப்போது எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கவாதம், வலக்கை விழுந்துவிட்டது, பேசாதது களைப்பினால், தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று மாலையே நீ கூப்பிட்டாய். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உன் படம் திரையில் வந்ததும் அவரே இடக்கையால் எடுத்துவிட்டாராம். "பொட்டுத் துப்பாக்கி" என்று சொன்னது மாடி வரைக்கும் கேட்டது. மறுபடி மறுபடி அதையே சொன்னார். "இன்னுமாப்பா?" என்று கேட்டுவிட்டு நீ வைத்துவிட்டாய் என்று தங்கை சொன்னாள். விழுந்தபிறகு அவர் முதன்முதலாக வாயைத் திறந்தது உன்னிடம்தான், சிட்டு. அது உனக்குத் தெரியாது. உன்மேல் தப்பில்லை.

நீ கிளம்பிய அன்று அவர் பேசியதுதான் உன் நினைவுக்கு வந்திருக்கும். சீருடை மாட்டிக்கொண்டு நீ வந்து நின்றபோது, அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் முன்னால், "இது வெறும் பொட்டுத் துப்பாக்கி, சத்தம் ஓய்ஞ்சதும் ரெண்டே மாசத்துல வீட்டுக்கு வந்துடும்" என்றார். நீ திரும்பிப் பார்க்காமல் போனாய். அன்று அவர் சாப்பிடவில்லை. ஊரையே பயத்தில் வைத்திருப்பவர் மாதிரி கத்துவார், உன்னை நினைத்து அவருக்கு இருந்த பயத்தை மட்டும் சொல்லத் தெரியாது.

அந்தச் சொல் நம் வீட்டில் எப்படிப் புழங்கியது என்று யோசித்துப் பார். தொலைக்காட்சியில் மேசையைத் தட்டிப் பேசுகிறவர் பொட்டுத் துப்பாக்கி. அத்தையின் கோபம் பொட்டுத் துப்பாக்கி. எதிர்வீட்டுப் பழைய மோட்டார் சைக்கிள்கூட அதுதான். நான் முறைத்தால் என்னையும் சொல்வார். வேறு யாரும் அதை இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். சின்ன வயசு, பொறுமை அதிகம். முதல்நாள் என்னைத் தனியாக அழைத்து, "அப்படின்னா என்ன ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவள் அந்தப் பொம்மையைப் பார்த்ததே இல்லையாம். காகிதச் சுருளில் பொட்டுப் பொட்டாக மருந்து ஒட்டியிருக்கும், துப்பாக்கிக்குள் மாட்டி விசையை இழுத்தால் டப்பென்று வெடிக்கும், கொஞ்சம் புகை வரும், குண்டு கிடையாது, யார்மேலும் படாது என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூளையில் பேச்சு இருக்கும் இடம் அடிபட்டால், சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிடுமாம். எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அதுதான் வருமாம். ஏன் அந்தச் சொல் என்பதற்கு டாக்டரிடமும் பதில் இல்லை. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. தன் வாயிலிருந்து வருவது தப்பு என்றும் தெரிகிறது. அதுதான் கொடுமை. எழுதிக் காட்டச் சொன்னோம். எழுத்தும் வரவில்லை.

நானும் தங்கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டோம். மெதுவாகச் சொன்னால் தாகம். கடைசியில் குரல் ஏறினால் ஏதோ கேட்கிறார். பல்லைக் கடித்துச் சொன்னால் அத்தை வந்திருக்கிறாள். தங்கை பரீட்சைக்குக் கிளம்பும்போது அவள் தலையில் கைவைத்துச் சொல்வார். அவள் "சரிப்பா, நல்லா எழுதுறேன்" என்று பதில் சொல்லிவிட்டுப் போகிறாள்.

போன வாரம் கடைச் சாவியைக் காட்டி, போகவேண்டும் என்று அடம்பிடித்தார். கைத்தாங்கலாக அழைத்துப்போனேன். ஜன்னல் கண்ணாடிக்கு அளவு கொண்டுவந்த ஒருவர், எப்போது கிடைக்கும் என்று அவரிடமே கேட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, மரியாதையாக, "பொட்டுத் துப்பாக்கி" என்றார். வந்தவர் சிரித்துவிட்டார். அப்பாவும் கூடச் சிரித்தார். வந்தவர் போனபின், அப்பா கண்ணாடி வெட்டும் மேசைமேல் இடக்கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். வலக்கை மடியில் கிடந்தது. அதற்கப்புறம் கடைப் பேச்சே எடுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பயிற்சிக்காக வீட்டுப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள் அந்தப் பெண். என் படம், தங்கை படம் எல்லாவற்றையும் பார்த்தார். சீருடையில் நீ இருக்கும் படம் வந்ததும் அதைப் பிடுங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லையே சொல்லி அழுதார். படத்தில் உன் தோளில் துப்பாக்கி இருக்கிறதே, அதைப் பார்த்துச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். நான் உள்ளே போய், முன்பல் விழுந்து பள்ளிக்கூட வாசலில் நீ சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை எடுத்துவந்தேன். அதில் துப்பாக்கியும் இல்லை, சீருடையும் இல்லை. அதைப் பார்த்தும் அதே சொல், அதே அழுகை. அந்தப் பெண் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து உன் பேரைச் சொல்லப் பழகுகிறார். நான் எதிரில் உட்கார்ந்து "சி, சி" என்று வாயைக் காட்டுவேன். அவரும் உதட்டைச் சரியாகத்தான் வைக்கிறார். காற்று வருகிறது. அப்புறம் பழைய சொல் வந்துவிடுகிறது. "போதும், நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் கேட்பதில்லை. முகமெல்லாம் வியர்த்துவிடும், நிறுத்தமாட்டார்.

நேற்று டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். புது ஸ்கேன் படத்தைக் காட்டி ஏதேதோ சொன்னார். "வெளியூர்ல இருக்கிறவங்களை வரச் சொல்லுங்க" என்றார். தங்கையிடம் இதைச் சொல்லவில்லை, பரீட்சை முடியட்டும். உன் அதிகாரியிடம் காட்டுவதற்கு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழை இதோடு வைத்திருக்கிறேன்.

விடுப்பு கிடைத்தால் வா. கிடைக்கத் தாமதமானால், சிக்னல் இருக்கும் இடத்துக்கு இறங்கிவந்து ஒருமுறை கூப்பிடு. போனை அவரிடமே கொடுக்கிறேன். அவர் என்ன சொன்னாலும், நீ சாப்பிட்டதைச் சொல், பனியைப் பற்றிச் சொல், உடன் இருக்கும் பையன்களைப் பற்றிச் சொல். அவர் பேசி முடிக்கும்வரைக்கும் நீயாக வைத்துவிடாதே, ஐயா.

இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன் அவருக்குப் படித்துக் காட்டினேன், டாக்டர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. முடிந்ததும், இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ நிற்கும் இடத்தில் ஒரு தூசும் உன்மேல் படாமல் இருக்கட்டும். சீக்கிரம் வந்து சேர்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா