அன்ரியால் மூட முடியாத விளம்பரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் நோவு இப்போது எப்படி? நான் நல்ல சுகம். இங்கே அஜின்கோர்ட்டில் குளிர் விட்டுவிட்டது. வேலையும் பிடித்திருக்கிறது.

போன கிழமை ஒரு பகிடி. நான் வேலை செய்யும் மரண அறிவித்தல் இணையத்தளத்தில், பக்கத்தைத் திறந்ததும் முன்னே பாய்ந்து வரும் விளம்பரப் பெட்டி ஒன்றை வைத்தேன். பொப்-அப் என்போம். கலியாண மண்டப விளம்பரம். முகப்பில் மட்டும் வரவேண்டியது, என் கவனக்குறைவால் எல்லாப் பக்கத்திலும் வந்துவிட்டது. கணவரின் அறிவித்தலை எங்களிடம் போட்டிருந்த புனிதவதி அன்ரி பிக்கரிங்கிலிருந்து போன் எடுத்தார்.

“பிள்ளை, என்ரை மனுசன்ரை படத்துக்கு மேலை மாப்பிள்ளையும் பொம்பிளையும் நிக்கினம். மூடுற ‘எக்ஸ்’ புள்ளடி எங்கை எண்டு தெரியேல்லை.”

நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

“பரவாயில்லை. அவர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்.”

உடனே பெட்டியை எடுத்துவிட்டு, முகப்பின் அடியில் ஒரு லிங்க் மட்டும் வைத்தேன். விரும்பினவர் அழுத்தினால்தான் விளம்பரம் திறக்கும். முதலாளி இரத்தினவேல் அண்ணையும் ஏசவில்லை.

மேல்வீட்டுக் கீதன் அண்ணை ஊருக்கு வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தோடு உங்களுக்குப் புது மூக்குக்கண்ணாடியும் கொடுத்துவிடுகிறேன். திரும்பும்போது மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். கடையில் வாங்கியது வேண்டாம், நீங்கள் வறுத்தது.

உங்கள் வட்ஸ்அப்பில் ஒரு லிங்க் போட்டிருக்கிறேன். காலையில் அறிவித்தல் பார்க்க அதையே அழுத்துங்கள். உங்களுக்கென்று மட்டும் செய்தது. நீங்கள் அழுத்தினால் என் கணினியில் ஓர் எண் கூடும். அப்போது நான் இங்கே இராச் சாப்பாட்டோடு தனிய இருப்பேன். அப்பா எழும்பிவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

கீதன் அண்ணை கதவைத் தட்டுகிறார். தெரிந்தவர் ஒருவரும் சாகாத நாளிலும் அழுத்துங்கள், அப்பா.

உங்கள் மகள்
தர்சிகா