மூன்று போட்டுக்கு மூன்று பூ

உ

மேற்பிரிவு லயம்,
தெஹியோவிட்ட.
12.03.2003

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மாள் புண்ணியத்தில் நானும் நம் மகள் தனுஜாவும் உங்கள் அம்மாவும் இங்கே சுகம். உங்கள் சுகத்தை இனிமேல்தான் நீங்கள் எழுத வேண்டும். போன கடிதத்தில் மூன்று போட்டுகளின் சுகத்தைத்தான் விரிவாக எழுதியிருந்தீர்கள்.

உங்கள் மாலைதீவு முதலாளி புதிதாக மூன்று மோட்டார் போட் வாங்கியிருக்கிறார். இத்தனை வருசம் உண்மையாக உழைத்ததற்காக, எதில் வேலை வேண்டும் என்று உங்களையே கேட்டிருக்கிறார். சந்தோசம். நீங்களோ அந்தப் பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, கோகிலா, நீ சொல்வதுதான் என்று முடித்துவிட்டீர்கள். கரவனெல்லைப் பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்க்கிற ஆற்றைத் தவிர வேறு தண்ணீர் தெரியாதவளிடம் போட் தெரிவு செய்யச் சொல்கிறீர்கள். முக்தார் நானா கடையில் போன் எடுத்து உங்களோடு சண்டை பிடிக்கத்தான் போனேன். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். சுகமா, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய மூன்று படத்தையும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். லயத்து வரிசையில் எல்லா வீட்டாரும் வந்து பார்த்துவிட்டார்கள். கூரையே இல்லாத ஓப்பன் போட்டைப் பார்த்து உங்கள் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வெயிலும் மழையும் எம்புள்ள தலையிலயா, வேணாம் என்றார். அவருக்குப் பிடித்தது ஹார்ட்டொப். மேலே கெட்டியான கூரை, முன்னால் கண்ணாடி. நம் தோட்டத்து லொறியின் முன்பக்கத்தை வெட்டித் தண்ணீரில் விட்டதுபோல் இருக்கிறது என்று நான் சொன்னேன். லயத்துத் தகரம் ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்துவிட்டு வந்து, ஒழுகாத கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார் பாவம்.

அடுத்த வீட்டு றமீலா, அதுதான் கொழும்பில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள், அவளுக்கு அந்த மேல்மாடி போட்தான். ஃப்ளைபிரிட்ஜ் என்ற பெயரை அவள்தான் திருத்தமாகச் சொல்லித் தந்தாள். கீழே ஒரு ஸ்டியரிங், மாடியில் ஒரு ஸ்டியரிங். ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு ஸ்டியரிங் வைத்தால் அது அவிசாவளைக்குப் போய்ச் சேருமா என்று கேட்டேன். உனக்கு ஒன்றும் தெரியாது, கடல் நம்மளவிட உசரமா தெரியும், அதைப் பார்க்க மாடி வேணும் என்றாள். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நம்மை விட உயரமாக நிற்கிற தண்ணீர் ஏன் நம் மேல் விழுவதில்லை?

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். ஓப்பன் போட் காலையில் போய்ப் பொழுதுபட வந்துவிடும், சம்பளம் இப்போது வாங்குவதுதான், ஆனால் வருசா வருசம் லீவு. ஹார்ட்டொப் இரவில் மீன் பிடிக்கிறவர்களோடு தங்கும், சம்பளம் கொஞ்சம் கூடும், லீவு முதலாளியின் மனசைப் பொறுத்தது. மேல்மாடி போட் தீவு தீவாகப் போகும். அந்தச் சம்பளத்தில் வீடு கட்டி லயத்தை விட்டு வெளியேறலாம். ஆனால் இன்னும் இரண்டு வருசத்துக்கு ஊர்ப்பக்கம் வர முடியாது. அந்தக் கடைசி வரியை மட்டும் சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். பார்த்தேன்.

இங்கே இலை உதிர்ந்து முடிந்து புதுத் தளிர் வந்துவிட்டது. ரப்பர் பூத்திருக்கிறது. பால் வெட்டப் போனால் மலை முழுக்கத் தேன் வாசம், தலையிலும் தோளிலும் மாவு மாதிரிப் பூ விழுகிறது. விடிகிற நேரத்தில் பள்ளம் பூராவும் பனி நிரம்பி, மரத்து நுனிகள் மட்டும் தெரியும். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அது எனக்குக் கடலாகத்தான் தெரிகிறது. கத்தி மரத்தில் ஓடிக்கொண்டிருக்கும், நான் பாட்டுக்குப் போட்டுகளை வரவழைத்துக்கொண்டிருப்பேன். ஓப்பன் போட் சத்தமே இல்லாமல் இரண்டு வரிசைக்கு நடுவில் வருகிறது. கிளை தட்டாமல் நீங்கள் குனிந்துகொள்கிறீர்கள். என் பக்கத்தில் வந்ததும், சிரட்டையை எடு, பால் வழியுது என்கிறீர்கள். ஹார்ட்டொப் வந்தால் கூரை கிளையில் உரசி, பூவெல்லாம் கண்ணாடியில் கொட்டி, உங்கள் முகம் சரியாகத் தெரிவதில்லை. மேல்மாடி போட் வரிசைக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. கீழே ரோட்டில் நின்று ஹோன் அடிக்கிறது. நான் வாளியை வைத்துவிட்டு ஓடி இறங்குவதற்குள் போய்விடுகிறது. நேற்று இப்படி நின்றதில் கணக்கப்பிள்ளை, என்ன கோகிலா, மரத்தோட பேசுறியா, அரைப்பேர்தான் போடுவேன், பாதி நாள் சம்பளம்தான் என்று ஏசினார்.

என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை கோயிலில் பூ கேட்டோம். மூன்று வாழையிலைத் துண்டு எடுத்து, ஓப்பன் போட்டுக்கு வெள்ளை நந்தியாவட்டை, ஹார்ட்டொப்புக்குச் சிவப்புச் செவ்வரத்தை, மேல்மாடி போட்டுக்கு மஞ்சள் சாமந்தி என்று வைத்து, ஒன்றுபோலவே கட்டினேன். பூசாரி குலுக்கி அம்மாள் காலடியில் போட்டார். தனுஜாவைத்தான் எடுக்கச் சொன்னோம். அவள் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். மஞ்சள்.

உங்கள் அம்மா ஹார்ட்டொப்பை அந்த இடத்திலேயே மறந்துவிட்டார். அம்மாளே வீடு கட்டச் சொல்லிட்டா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தேங்காய் உடைத்தார். நானும் சிரித்தேன். விபூதி பூசிக்கொண்டு, எல்லாருக்கும் பொங்கல் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குள் என்னவோ ஒன்று உட்கார்ந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்றது.

மறுநாள் மரத்தடியில்தான் அது என்னவென்று விளங்கியது. நான் மூன்று பொட்டலம்தான் கட்டியிருக்கிறேன். எந்தப் போட் என்றுதான் கேட்டேனே தவிர, போட்டே வேண்டாம், வந்துவிடட்டுமா என்று கேட்கவில்லை. அதற்கு ஒரு பூ வைக்கவே இல்லை. காலடியில் வைக்காத பூவை அம்மாள் எங்கிருந்து எடுத்துத் தருவாள்? ஓடிப்போய்ப் பூசாரியிடம் சொன்னேன். ஒரு காரியத்துக்கு ஒரு தரம்தான் கேக்கலாம், மறுபடி கேட்டா தெய்வக் குத்தமாயிரும் என்று சொல்லிவிட்டார். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு வீட்டுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்.

அத்தான், வந்தது மஞ்சள்தான். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அதன்படி நீங்கள் ஏறினால் நான் கோபிக்கவும் மாட்டேன், இந்த லயத்தில் இன்னும் இரண்டு மழைக்குச் சட்டி வைத்துச் சமாளிப்பேன். ஆனால் எனக்கு நீங்கள்தான் வேண்டும். வீடு பிறகு வரட்டும். அவிசாவளையில் லொறிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று முக்தார் நானா சொன்னார். மாலைதீவுக்குப் போகிற அவருடைய மருமகன் கையில்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். இதோடு வாழையிலையில் ஒரு பொட்டலம் இருக்கும். நாலாவது. கோயிலில் வைக்காதது. அதில் இருப்பது சாமிக்குப் போடுகிற பூ இல்லை, மலையில் என் தலையில் விழுந்த ரப்பர் பூ. முதலாளியிடம் பதில் சொல்லப் போகும் முன் அதை ஒரு தரம் பிரித்து மணந்து பாருங்கள். வாசம் போயிருந்தால் அது என் தலைவிதி.

ஏன் யோசிக்காமல் அந்தப் பொட்டலத்தை எடுத்தாய் என்று தனுஜாவிடம் கேட்டேன். சுவரில் இருக்கும் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேல்மாடியில் ஸ்டியரிங் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரன் தொப்பி போட்டு நிற்கிறான் அல்லவா, அவனைத் தொட்டு, அப்பா இதிலதானே இருக்காரு, அவரைத்தான் அம்மாள்கிட்ட கேட்டேன் என்றாள். போன தடவை நீங்கள் வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது தினமும் படுக்கப் போகும் முன் அந்தத் தொப்பிக்காரனுக்கு முத்தம் கொடுக்கிறாள். நான் திருத்தவில்லை. அம்மாள் உங்களைக் காப்பாற்றட்டும். அது நீங்கள் இல்லை என்று நீங்களே வந்து அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
கோகிலா