நிற்காமல் போன வண்டி

6.8.2024, செவ்வாய்

பகல் டூட்டி. அண்ணன்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டான். படூரில் யார் வீட்டிலோ ஏ.சி. ஒழுகுகிறதாம், நீலக் கருவிப் பையோடு அந்த வேலைக்குப் போகிற வழியில். "அம்மா இன்னா சொன்னாலும் நீ வாயத் தெறக்காத, நான் பேசிக்கறேன்" என்றான். நேற்றும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். நர்சிங் படித்த பெண் ஆஸ்பத்திரிக்குள் வேலை பார்க்காமல் ஆம்புலன்ஸில் ரோடு ரோடாக ஏன் அலைய வேண்டும் என்று. அத்தா மவுத்தான பிறகு இந்த வீட்டில் அம்மாவிடம் வாதாடி ஜெயிக்கிற ஒரே ஆள் அஹத் அண்ணன்தான்.

மதியம் முட்டுக்காடு போட் ஹவுஸில் ஒரு பெரியவர் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார். நாங்கள் போவதற்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறார். மகன், "தூக்கிப் போடுங்க சிஸ்டர், அவரு அப்டித்தான் பேஜார் பண்ணுவாரு" என்கிறான். நினைவு தெளிவாக இருக்கிற ஆளை, வேண்டாம் என்ற பிறகு தொட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். பேத்தியின் கல்யாணம் வரைக்கும் பேச்சு போனது. கடைசியில் அவராகவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். வண்டி ஓட்டும் தாமோதரன் அண்ணா சிரித்தார். "நீ ஊசியே போட வாணாம், பேசியே சரி பண்ணிடுவ."

நல்ல நாள்.

22.8.2024

செங்கல்பட்டில் பயிற்சி வகுப்பு. தெரிந்த பாடம்தான். சம்மதம் கேள். நினைவில்லாதவர் பிழைக்கவே விரும்புவார் என்று எடுத்துக்கொள். வண்டிக்குள் பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்லாதே. ஒருவரை ஏற்றிக்கொண்டால், உன் அளவுக்காவது தெரிந்த ஒருவர் கையில் ஒப்படைக்கும்வரை விடாதே. பின் வரிசையில் பாதிப் பேர் தூங்கினோம். மத்தியானச் சாப்பாட்டில் சாம்பார் மட்டும் நன்றாக இருந்தது.

3.9.2024

அண்ணனுக்குப் பெண் பார்க்கப் பேச்சு நடக்கிறது. அவன் வெட்கப்பட்டுப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

30.9.2024

எழுதவில்லை. முடியவில்லை. இன்றைக்கும் முடியுமா தெரியாது.

அண்ணன் போய்விட்டான். பத்தொன்பதாம் தேதி.

2.10.2024

எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் மனசு அதை வேறு மாதிரி மாற்றிக்கொள்கிறது.

அன்றைக்குக் காலையில் ஒரு அழைப்பு. நிறைமாதக் கர்ப்பிணி, வலிப்பு. அவள் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். ரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. முகமெல்லாம் வீக்கம். போனில் டாக்டர் சொல்லச் சொல்ல ஊசி போட்டு, இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். புருஷன் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். "சிஸ்டர், ரெண்டு பேரும் வேணும் சிஸ்டர்" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

திருப்போரூர் தாண்டி, காடு ஆரம்பிக்கிற இடத்தில் ரோட்டில் கூட்டம். ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. ஆட்கள் கையைக் காட்டினார்கள், ஒருவன் வண்டியைத் தட்டினான். தாமோதரன் அண்ணா வேகத்தைக் குறைத்து, நடு ஜன்னல் வழியாக, "ஆக்சிடெண்ட் கீதும்மா. நிறுத்தவா?" என்றார்.

பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். கவிழ்ந்த பைக். நீலப் பை ஒன்று பிய்ந்து, உள்ளே இருந்த செம்புக் குழாய்ச் சுருள் ரோட்டில் கிடந்தது. காலையில் அண்ணன் போட்டுக்கொண்டு கிளம்பிய சட்டை. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கை மெல்ல அசைந்தது.

அதே நேரம் அவளுக்கு மறுபடி வலிப்பு வந்தது. பல் கிட்டிக்கொண்டது. வாயில் நுரை. நான் உறிஞ்சு குழாயை எடுத்தேன்.

"போங்கண்ணா" என்றேன்.

நான்தான் சொன்னேன். அவராகப் போகவில்லை.

ஒரு கையால் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன். இடம், ஆண், தலையில் அடி, உடனே இன்னொரு வண்டி வேண்டும். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. என் அண்ணன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வண்டி பறந்து வந்திருக்குமா? ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவள் தாடையைப் பிடித்த கையை விட்டிருப்பேன். அவ்வளவுதான் தெரியும்.

செங்கல்பட்டில் அவளை லேபர் வார்டு டாக்டர் கையில் ஒப்படைத்தேன். எத்தனை தடவை வலிப்பு, என்ன ஊசி, எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். அப்புறம் வெளியே வந்து அண்ணன் போனுக்கு அடித்தேன். வேறு யாரோ எடுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த வண்டி அவனைக் கொண்டுவந்தது. கதவைத் திறந்ததே நான்தான். உள்ளே பரணிதரன் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். நாங்கள் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். பரணி என்னைப் பார்த்தான். அழுத்துவதை நிறுத்தவில்லை.

டாக்டர்தான் நிறுத்தச் சொன்னார்.

3.10.2024

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். அண்ணனின் மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்துப்போன பிறகு அம்மா என்னை உள் அறைக்குக் கூப்பிட்டாள். அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒன் வண்டி அந்தப் பக்கமா போச்சா?"

"போச்சும்மா."

"அவன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்க்கவில்லை, அதனால் பொய்யும் இல்லை. தாமோதரன் அண்ணாகூட அப்படித்தான் சொல்லச் சொன்னார். ஆனால் அம்மா என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"தெரியும்மா."

அம்மா அடிக்கவில்லை, கத்தவில்லை. கட்டிலின் அந்த ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை.

9.10.2024

கூட்டத்தில் யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் நிற்காமல் போவது மட்டும்தான் அதில் இருக்கிறது. கோவளம் முழுக்கப் பார்த்தாகிவிட்டது. மீன் வாங்கப் போனேன், கடையில் பேச்சு நின்றுபோனது.

17.10.2024

அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி கேசவன் சார் நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க செஞ்சது சரிம்மா. எறங்கியிருந்தீங்கன்னாதான் நான் உங்க மேல நடவடிக்கை எடுத்திருக்கணும். அந்த நேரம் அந்தப் பொண்ணு மூச்சு உங்க கையிலதான இருந்துச்சு" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

சட்டப்படி நான் சரி. பஸ்ஸில் வரும்போது அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அது யாரோ ஒருத்தியைப் பற்றிய பேச்சு மாதிரி இருந்தது.

பரணியிடம் கேட்டேன். நான் இறங்கியிருந்தால்?

"தெரில ஹனியா" என்றான். "அடி பலமாத்தான் இருந்துச்சு. ஆனா தெரில. பொய் சொல்ல மாட்டேன்."

அவன் பொய் சொல்லியிருக்கலாம்.

28.10.2024

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. நான் அடுப்படியிலேயே இருந்தேன். நான் கிண்டிய நெய்ச்சோறு எல்லோருக்கும் போனது. அம்மா மட்டும் வெறும் தண்ணீர் குடித்தாள்.

எல்லோரும் போன பிறகு அம்மா பேசினாள். இத்தனை நாளைக்குப் பிறகு.

"அந்தப் பொம்பள பேரு இன்னா?"

"அம்மா…"

"எந்த ஊரு? அதச் சொல்லு. நான் போய் சண்ட போட மாட்டேன். என் புள்ளய ரோட்ல வுட்டுட்டு யாரக் காப்பாத்துனன்னு ஒருவாட்டி மூஞ்சியப் பாத்துட்டு வரேன்."

"சொல்லக் கூடாதும்மா. வண்டில வந்தவங்களப் பத்தி வெளிய சொல்லக் கூடாது."

"நான் வெளியாளா?"

என்ன சொல்ல? ஆமாம் என்பதுதான் பதில். சட்டத்துக்கு நீ வெளியாள்தான். அதை எப்படி என் வாயால் சொல்வேன்.

"பொழச்சாளா, அதையாவது சொல்லேன்டி."

அதையும் சொல்லவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா எழுந்து போய்விட்டாள். இதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

14.11.2024

டூட்டிக்குப் போகிறேன், வருகிறேன். காலையில் நடந்துதான்.

5.12.2024

அம்மாவின் வலது கால் விரலில் புண். வியாழக்கிழமை தோறும் தர்காவுக்கு நடந்து போகிறாள், செருப்பு கடித்திருக்கிறது. சர்க்கரை வேறு. மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கீழே உட்கார்ந்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கையால என்னத் தொடாத."

பேசிப் பார்த்தேன். புண் ஆறாது, விரலை எடுக்கும்படி ஆகும், ரத்தத்தில் பரவும். எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எல்லாம் புரிந்துதான் வேண்டாம் என்றாள்.

முட்டுக்காட்டுப் பெரியவரிடம் பேத்தி கல்யாணம் பேசி ஏற்றினேனே. அம்மாவிடம் எந்தக் கல்யாணத்தைப் பேசுவது?

11.12.2024

பக்கத்து வீட்டு வசந்தா அக்காவிடம் கெஞ்சி, அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். ஒருதரம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டாம் தடவை வசந்தா அக்கா கூப்பிட்டபோது, "ஒன்ன யாரு அனுப்புறான்னு எனக்குத் தெரியும்" என்றாளாம்.

வாசலில் உட்கார்ந்தால் புண்ணின் வாடை வருகிறது. எனக்குத் தெரிந்த வாடை. தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறேன்.

பலவந்தமாகப் பிடித்துக் கட்டினால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? அண்ணன் இருந்திருந்தால் ஒரு அதட்டல் போட்டிருப்பான். நான் அதட்டினால் அம்மா வீட்டைவிட்டே போய்விடுவாள். அது பயம். சட்டம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

20.12.2024

காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்து, "அஹத்து, வந்துட்டியா" என்றாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். "பைக்க உள்ள வுடு" என்றாள்.

இனி அவளிடம் கேட்க வேண்டியதில்லை. கேட்கவும் முடியாது. காலைத் தொட்டேன். அவ்வளவு நாளும் தொடவிடாத கால். கணுக்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது.

எங்கள் வண்டியே வந்தது. தாமோதரன் அண்ணா, என் இடத்தில் பரணி. நான் ஏறியதும் பழக்கத்தில் ஆக்சிஜன் பக்கம் கை போனது. பரணி மெதுவாகச் சொன்னான். "நீ இன்னிக்கி சொந்தக்காரி. கால்மாட்ல உக்காரு."

உட்கார்ந்தேன். அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புருஷன் உட்கார்ந்திருந்த இடம். திருப்போரூர் தாண்டிக் காடு வந்தபோது பரணி என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் வெளியே பார்க்கவில்லை.

அங்கே உட்கார்ந்தால்தான் தெரிகிறது. வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தாலும் 'நிறுத்தாதீங்க' என்று வாய்வரை வந்துவிடுகிறது.

23.12.2024

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். மதியம் அம்மாவுக்கு நன்றாகத் தெளிந்தது. என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"யாரக் கேட்டுத் தூக்கினு வந்த?"

"ஒனக்கு நெனவு இல்லம்மா. நெனவு இல்லாதவங்க பொழைக்கணும்னுதான் நெனைப்பாங்கன்னு எடுத்துக்கணும். அதான் சட்டம்."

அம்மா கட்டுப் போட்டிருந்த காலைப் பார்த்தாள்.

"அவனும் அப்டித்தான நெனச்சிருப்பான்" என்றாள்.

எழுந்து வெளியே வந்து, மாடிப்படியில் நின்று அழுதேன். அண்ணன் போனதற்கு இன்றைக்குத்தான் அழுகிறேன் என்பது அழுது முடித்த பிறகுதான் உறைத்தது.

26.12.2024

வேலையை விட்டுவிடலாமா? தாமோதரன் அண்ணாவிடம் சொன்னேன். "வுடறதுன்னா வுடு. ஆனா தப்பு பண்ணேன்னு நெனச்சினு வுடாத" என்றார்.

கட்டு மாற்ற வந்த நர்ஸிடம் அம்மா, "என் பொண்ணு பக்கத்துல நிக்க வாணாம்" என்றாள். வெளியே நின்றேன்.

2.1.2025, வியாழன்

டீ வாங்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன். அடுத்த கட்டிலில் மாமல்லபுரம் பக்கத்து முனியம்மா, நேற்று சேர்ந்தவள். அம்மாவிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவருகில் நின்ற என்னை இருவரும் பார்க்கவில்லை.

"எனுக்கு மூச்சு இழுத்துகினு கீது. எம் புள்ள நடுரோட்ல நின்னு கையக் காட்டறான். அந்த ஆம்புலன்சுக்காரன் நிக்காம போய்ட்டாம்மா. அப்புறம் ஆட்டோல வந்தோம். மனுசனா அவன்? அவனுக்கெல்லாம் ஒரு அம்மா இருக்க மாட்டாளா?"

என் கையில் பிளாஸ்க். உள்ளே போவதா, திரும்பிப் போவதா?

அம்மா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"உள்ள யாராச்சும் இருந்திருப்பாங்க" என்றாள்.

"இருந்தா? ஒரு நிமிசம் எறங்கிப் பாத்தா இன்னாவாம்?"

"எறங்க முடியாதும்மா. கையில ஒரு உசுரப் புடிச்சினு இருந்தா, எறங்க முடியாது."

முனியம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

நான் அங்கேயே நின்றிருந்தேன். அப்புறம், டீ ஆறிவிடுமே என்று உள்ளே போனேன்.