சூட்டு யோகாவும் அயர்ன் டேபிளும்

அன்பு மகள் கிருத்திகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அருள்புரத்தில் நானும் அப்பாவும் முருகன் தயவில் நன்றாக இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கனடாவில் நீயும் மாப்பிள்ளை பரணியும், இன்னும் முகம் காட்டாத அந்த மூன்றாவது ஆளும் சுகமாக இருக்கிறீர்களா. தினம் போனில் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ மூன்று சொல்லி, கடைசியில் சிரித்தே என் வாயை அடைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் பூந்து பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துப் படி. மாப்பிள்ளையின் சிநேகிதர் வியாழக்கிழமை புறப்படுகிறார், அவரிடம் இந்தக் கடிதத்தோடு நாரத்தங்காய் ஊறுகாயும் கொடுத்து விட்டிருக்கிறேன், வாய்க்கு ருசி இல்லை என்றாயே.

நீ முழுகாமல் இருக்கும் சேதி வந்த நாளில் இருந்து உன் அப்பா தரையில் நடக்கவில்லை. மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று உனக்கு எப்படிச் சொன்னேனோ அப்படித்தான் அவருக்கும் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவர், அன்று சாயங்காலத்துக்குள் பேக்கரியில் சொல்லி, பனியன் கம்பெனி வாட்ச்மேனிடம் சொல்லி, பீகாரில் இருந்து துணி வெட்ட வந்திருக்கிற கட்டிங் ஆட்களுக்குக் கையை வயிற்றின் மேல் வட்டம் போட்டுக் காட்டிப் புரியவைத்துவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் நான் பால் வாங்கப் போனால் ஒரு இந்திக்காரப் பையன் கும்பிட்டு 'நானி' என்றான். எனக்கு முதலில் விளங்கவில்லை, அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி என்று அர்த்தமாம். கோபம் வந்தது, ஆனாலும் வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டேதான் வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். வேண்டுமென்றே சூடேற்றிய அந்த அறைச் சுவரில் நாற்பது டிகிரி என்று எரிகிறது. எல்லார் முகத்திலும் தண்ணீர் ஊற்றினாற்போல வேர்வை, அதில் நீ வில்லாக வளைந்து நிற்கிறாய். யோகாவை நான் ஒன்றும் குறை சொல்லவில்லை கண்ணு, அந்தச் சூட்டைத்தான் சொல்கிறேன். போனில் இதைச் சொன்னதற்கு நீ, வெளியே பனி கொட்டுது, அந்த ரூமுக்குள்ள போனாத்தான் நம்மூர் சித்திரை வெயில்ல நிக்கற மாதிரி இருக்குதும்மா என்றாய். அதோடு விடாமல் அடுத்ததையும் சொன்னாய். நீ என்னைய வயித்துல வெச்சுட்டு ஒம்பது மாசம் அயர்ன் டேபிள்ல நீராவில நின்ன, நான் ஒரு மணி நேரம் நின்னா என்ன ஆயிரும் என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒன்பது மாதம் நிற்கவில்லை. அது பொய். உனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து நான் சொல்லிக்கொண்டு திரிந்த பொய். என் கல்யாணத்துப் பந்தியில் உன் அத்தை மயிலாள், அப்பாவின் அக்கா, என்னைப் பார்த்து இந்தக் கொத்தவரங்காயா எந்தம்பி ஊட்டுல தண்ணிக் கொடம் தூக்கப் போவுது என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். அன்று அவள் கட்டியிருந்தது மாம்பழ நிறச் சேலை, இலையில் வைத்திருந்தது இரண்டாவது ஜாங்கிரி, எனக்கு எதுவும் மறக்கவில்லை. அவளும் நானும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. அவளுக்கு உட்கார்ந்து பிசிறு வெட்டுகிற வேலை, எனக்கு அயர்ன் டேபிள். நீ வயிற்றில் தங்கியதும் யாரிடமும் சொல்லாமல், அவளுக்குக் காட்டுவதற்காகவே அந்த நீராவியில் நின்றேன். மூன்றாம் மாதம், ஒரு மத்தியானம், துணியெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. விழுவதற்கு முன் ஒரு கை என் தோளைப் பிடித்தது, இன்னொரு கை சுவிட்சை அணைத்தது. மயிலாள்தான், நான் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறாள். நீ நிக்கறது எனக்குக் காட்டறதுக்கு, உள்ள இருக்கறது என்னடி பாவம் பண்ணுச்சு, போய் அந்த ஃபேனுக்குக் கீழ உக்காரு என்றாள். மேஸ்திரியிடம் பேசித் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, நீ பிறக்கும்வரை அந்த டேபிளில் அவள் நின்றாள், நரம்பு புடைத்த காலோடு. அவள் பேச்சை மட்டும் ஊரெல்லாம் சொன்னேன், அவள் நின்றதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அவளிடம் கடன்பட்டவளாக இருக்க என் மனசு ஒப்பவில்லை. அந்தப் பொய்யைத்தான் நீ இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிக் குன்னத்தூரில் அவள் வீட்டுக்குப் போனேன். கல்யாணமான இந்த இருபத்தொன்பது வருஷத்தில் அங்கே நான் பச்சைத்தண்ணீர் குடித்ததில்லை. அவள் காபி வைத்தாள், குடித்தேன், சர்க்கரை அதிகம். உன் சேதியைச் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. உன் வீடியோவையும் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, இத்தன பேரும் சும்மா வேர்த்துட்டு நிக்கறாங்களா, ஆளுக்கொரு அயர்ன் பாக்ஸைக் குடுத்திருந்தா ஒரு ஷிப்மென்ட்டே முடிஞ்சிருக்குமே என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அந்த மத்தியானத்தைப் பற்றிக் கேட்டேன். நானா, நானா நின்னேன், எனக்கு நெனப்பே இல்லையே சுப்பாத்தா என்கிறாள். நான் ஒரு நாள்கூட மறக்காததை அவள் அன்றைக்கே மறந்திருக்கிறாள். கொத்தவரங்காயும் நினைவில்லையாம். அதை மட்டும் நான் நம்பவில்லை, அதற்கு இன்னும் மன்னிப்பும் இல்லை.

வரும் வழியில் எனக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரம்மாவிடமும் கேட்டேன். யோகா தாராளமா பண்ணட்டுங்க, சூட்டு ரூம் மட்டும் வேண்டாம், உடம்புச் சூடு ஏறக் கூடாது, அதுவும் இந்த மொதல் மூணு மாசம் கண்டிப்பா கூடாதுங்க, அங்கத்த டாக்டரையும் கேட்டுக்கச் சொல்லுங்க என்றார். இதுவரை போனதை நினைத்துப் பயந்துகொண்டு உட்காராதே, ஸ்கேனில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நீதானே சொன்னாய். இன்னொன்றும் என் தப்புத்தான். வெளியே சொல்லாதே என்று நான் கட்டளை போட்டதால் அந்த யோகா டீச்சருக்குக்கூடச் சொல்லவில்லை என்றாயே, அவளுக்கு எப்படித் தெரியும், பாவம், இன்னும் வளை என்றுதானே சொல்வாள். ஊருக்குச் சொல்லாதே என்றது கண்ணேறுக்காக, டீச்சருக்கும் டாக்டருக்கும் ஒளிப்பதற்காக இல்லை. நாளைக்கே சொல். சாதாரண அறையில், ஜன்னல் திறந்து, வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கென்று இருக்கிற வகுப்பில் சேர்ந்துகொள். நம்மூர் வெயில் வேண்டுமானால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா, சித்திரை எங்கேயும் போகாது. தண்ணீர் நிறையக் குடி. மாப்பிள்ளையைச் சமைக்க விடு, உப்புக் கூடினாலும் வாயைத் திறக்காதே, அப்புறம் கரண்டியைப் போட்டுவிடுவார்.

என் கண்ணே, எனக்குச் சுவிட்சை அணைக்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தாள். அந்த அறைக்குள் உனக்கு அப்படி யாரும் இல்லை, நீயேதான் அணைத்துக்கொள்ள வேண்டும். நிற்பதில் பெருமை ஒன்றும் இல்லை என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன். சிவன்மலை ஆண்டவன் தாயையும் பிள்ளையையும் நிழலில் வைத்துக் காக்கட்டும். இதைப் படித்ததும் போன் செய்து வாதம் பண்ணாதே. 'உக்காந்துட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பு. எனக்கு அது போதும், குன்னத்தூருக்கு நானே போய் மயிலாளுக்கும் அதைப் படித்துக் காட்டிவிட்டு வருவேன்.

ஆசிகளுடன்,
உன்னை உட்கார்ந்தே சுமந்த அம்மா,
சுப்பாத்தாள்.