ஊதாங்குழல் கொண்டுவந்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

காலையில் பரணிலிருந்து ஆஸ்பத்திரிப் பையை இழுத்தபோது உங்கள் ஊதாங்குழலும் கூடவே உருண்டு காலில் விழுந்தது. காஸ் அடுப்பு மட்டும் இருக்கிற வீட்டில் இது எதற்கு என்று மகன் எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். பழைய இரும்புக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. இன்று நமக்கு ஆஸ்பத்திரி நாள். நமக்கு என்று எழுதிவிட்டேன் பாருங்கள், எனக்கு.

உங்களை முதலில் பார்த்தது பெரம்பலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில். சித்திரை வெயிலில் கம்பளிக் கையுறை போட்டிருந்தீர்கள். பச்சைத் தண்ணீர் பட்டால் விரல் வெளுத்து நீலம் பாய்கிற அவஸ்தை உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேனா, உங்களைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது. நீங்களோ, "என்னாத்துக்கு அழுவுற? வடை திங்கிறியா?" என்றீர்கள். வாய் முழுசாகத் திறக்காத இரண்டு பேரும் ஒரு வடையைக் கிள்ளிக் கிள்ளித் தின்றோம்.

நமக்குத் தோல் இறுகும் நோய். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் உங்கள் ஊரில் அதை யாரும் நம்பவில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கிறவள் கை தடித்துக் கறுத்தால், ஓட்டிலிருந்து தெறிக்கிற கொட்டைப் பால் பட்டது என்றுதான் சொல்வார்களாம். விரல் மடங்காமல் போன பிறகும் உங்கள் வீட்டுக்காரர், "கொஞ்ச நாளு ஒடைக்காம இரு, சரியாப் போயிடும்" என்றாராம். இந்த நோய் நுரையீரலை எப்போது பிடிக்கத் தொடங்குகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியில் நம்மைச் சேர்த்துக்கொண்டபோது உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். "என் கைய நம்புன எடம் இது ஒண்ணுதான்" என்பீர்கள்.

அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது. போகும்போதெல்லாம் மூக்கில் கிளிப் மாட்டி, ஒரு குழாயில் மூச்சு முழுவதையும் ஊதச் சொல்வார்கள். அதை நீங்கள் பரீட்சை என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். சரியாக ஊதாவிட்டால் கழித்துவிடுவார்கள் என்று பயந்து, தினமும் விறகடுப்புப் புகையில் உட்கார்ந்து ஊதிப் பழகியிருக்கிறீர்கள். நானும் ஃபெயில் ஆகிவிடக் கூடாதாம். ஒரு தடவை அரியலூரில் நான் பஸ் ஏறியதும், முன்பே உட்கார்ந்திருந்த நீங்கள் மடியிலிருந்து ஒரு புது ஊதாங்குழலை எடுத்து நீட்டினீர்கள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் அதைப் பார்த்துச் சிரித்தார். "எதுக்குங்க இது?"

"ஊதிப் பழவத்தான். இருமலு வந்துடக் கூடாதுன்னு வாயில கல்கண்டும் போட்டுக்குவேன்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "இது பரீட்சை இல்லம்மா. நீங்க மறைக்கிற அந்த இருமலைத்தான் நாங்க தேடிக்கிட்டிருக்கோம்."

ஸ்கேனில் உங்கள் நுரையீரலின் அடிப்பகுதி இறுகியிருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள், விறகடுப்பை நிறுத்தினீர்கள், கொஞ்ச காலம் ஓடியது. கடைசியாகப் போனில் பேசியபோது உங்களால் ஒரு பேச்சைச் சேர்ந்தாற்போல் சொல்ல முடியவில்லை. "நீ எதயும்... மறைக்காத... தங்கச்சி." அடுத்த வாரம் நீங்கள் போய்விட்டதாக உங்கள் மருமகள் சொன்னாள்.

சில வாரங்களாக எனக்கும் வறட்டு இருமல், அக்கா. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மகன் கேட்டதற்கு, சிமெண்ட் லாரித் தூசி என்று சொல்லிவைத்திருந்தேன். அரியலூரில் எந்த இருமலுக்கும் அது செல்லுபடியாகும், உங்கள் ஊரில் கொட்டைப் பால் மாதிரி.

இன்று ஊதாங்குழலைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். டாக்டரம்மா கூப்பிட்டதும் எழுந்தேன். வாயில் கல்கண்டு இருந்தது. ஆமாம், நானும்தான். அதைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு உள்ளே போய், அவர் கேட்பதற்கு முன்பே, "இருமல் இருக்குங்க டாக்டர். தூசியெல்லாம் இல்ல" என்றேன். மகன் என் முகத்தையே பார்த்தான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பிறகு குழாயை நீட்டினார்கள். இருந்த மூச்சை, இருந்தபடியே ஊதினேன், அக்கா.