பிழையாக வந்த அழைப்பு

என் அப்பனே அபி,

போன சனிக்கிழமை கிளேட்டனுக்குப் போனோம். உன் பல்கலைக்கழக விடுதியில் குடும்ப வார இறுதி. நீ இல்லாத விடுதிக்கு இவர்கள் ஏன் போனார்கள் என்று நீ கேட்பாய். உன் தங்கச்சியும் அதைத்தான் கேட்டாள். ஆறுதலாகச் சொல்கிறேன், கேள்.

அழைப்பு அம்மாவின் தொலைபேசிக்கு வந்தது. உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறார், எங்கே சாப்பிடுகிறார், எப்படி வாழ்கிறார் என்று வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். கீழே நிகழ்ச்சிகள்: காலைத் தேநீர், வளாகத்தைச் சுற்றி ஒரு நடை, வினாவிடைப் போட்டி, மத்தியானம் வெளியில் இறைச்சி சுட்டுச் சாப்பாடு, பின்னேரம் அறைகளைப் பார்க்கலாம். விரும்பியதைத் தெரிவு செய்து பதியச் சொன்னார்கள். உன் பெயரை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டவர்கள் இந்த ஓரிடத்தில் மறந்துவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் இலக்கம் என் தொலைபேசியிலும் அப்படியே இருக்கிறது.

முதலில் பார்த்தது துவாரகா. "இட்ஸ் எ மிஸ்டேக், அப்பா. அம்மா பார்க்க முன்னம் டிலீட் பண்ணுங்கோ" என்று தொலைபேசியை என் கையில் திணித்தாள். நான் கண்ணாடியைத் தேடினேன். உனக்குத் தெரியும்தானே, அவசரத்துக்கு அந்தக் கண்ணாடி ஒருநாளும் அகப்படாது. அதற்குள் அம்மா குசினியிலிருந்து வந்துவிட்டாள்.

கதிரையில் இருந்து ஆறுதலாக வாசித்தாள். பிறகு, "எங்களைக் கூப்பிட்டிருக்கினம்" என்றாள்.

"வசந்தி, அது பிழையா வந்தது. உமக்கு விளங்குதுதானே?"

"எனக்கென்ன விசரே? பிழையெண்டு தெரியும். பிழையா எண்டாலும் ஆரோ ஒராள் கூப்பிட்டிருக்கினம்."

இது உனக்கு விளங்க வேண்டுமென்றால் நம்முடைய ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ இங்கே பிறந்த பிள்ளை, உனக்குத் தெரிய நியாயமில்லை. சாவு விழுந்த வீட்டை ஆட்டைத் திவசம் முடியும்வரை ஒரு வருடத்துக்கு யாரும் நல்ல காரியத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அந்த வீட்டுக்காரருக்குச் சங்கடம். வரவும் முடியாது, வராமல் இருக்கவும் முடியாது. ஆகவே கூப்பிடாமல் விடுவதுதான் மரியாதை. நானும் எத்தனையோ வீடுகளை அப்படி மரியாதை பண்ணியிருக்கிறேன். அந்த மரியாதை எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள்தான். அதற்குப் பிறகு கிரெய்கிபர்னில் நம் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கவில்லை. சிவம் மாமாவின் மூத்தவளுக்குக் கல்யாணம் நடந்ததை நாங்கள் முகநூலில் பார்த்தோம். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு தேர் காட்டிய சிவம் மாமா. தமிழ்க் கடையில் அம்மாவைக் கண்டால் தெரிந்த அன்ரிமார் அவசரமாகக் கறிவேப்பிலை பொறுக்கத் தொடங்குகிறார்கள். ஒருநாள் சாமான் பையை மேசையில் வைத்துவிட்டு அம்மா கேட்டாள், "பிள்ளைதானே போனவன். நாங்கள் இன்னும் இருக்கிறம்தானே?"

இன்னொன்றும் இருந்தது. போன வருடம் இதே வார இறுதிக்கு நீ எங்களை வரவேண்டாம் என்றாய். "அது சும்மா அம்மா, சரியான போரிங், நானே வாறன்" என்று சொல்லி அழுக்கு உடுப்புப் பையோடு ரெயினில் வந்து இறங்கினாய். அம்மா ரோல்ஸ் பொரித்துத் தந்தாள். நீ திரும்பிப் போன பிறகு, "பிள்ளைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போகக் கூச்சமோ?" என்று என்னைக் கேட்டாள். சோம்பலில் சொல்லியிருப்பான் என்றேன். சோம்பல்தானே, அபி?

ஆகவே அம்மா திட்டம் போடத் தொடங்கினாள். காலைத் தேநீருக்குப் போவது, நடை போவது, வினாவிடை வேண்டாம், சாப்பிடுவது, கடைசியாக அறை. சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, உன்னோடு கதைத்துப் பேசி ஒழுங்குபடுத்துவதுபோல் எல்லாவற்றையும் பதிந்தாள். நானும் என் பங்குக்கு ஒரு திட்டம் போட்டேன். "கிளேட்டனுக்குப் போறதெண்டா, முதல்ல டாண்டினோங் சந்தைக்குப் போய் நல்ல மீன் வாங்குவம். நேரம் இருந்தா மற்றதைப் பாப்பம்" என்றேன். நேரம் இராமல் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

"நான் மீனுக்கு வெளிக்கிடேல்லை" என்றாள் அம்மா. என் திட்டம் அவ்வளவுதான்.

எனக்கு உள்ளுக்குள் பயம். உனக்கு வந்தது மூளைக்காய்ச்சல். வைத்தியர் எங்களை இருத்தி, கடதாசியில் படம் கீறி விளக்கினார். ஒரு கிருமி, மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வைப் பிடித்துவிட்டது, நல்ல திடகாத்திரமான பிள்ளையையும் கண்மூடித் திறப்பதற்குள் கொண்டுபோய்விடும், இதில் யாருடைய பிழையும் இல்லை என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டி முடித்துவிட்டு, "அந்த யன்னல் பூட்டுப்படாது, டொக்டர்" என்றாள்.

ஆனி மாதம், இங்கே குளிர் தொடங்கிய நேரம், ஒருநாள் நீ தொலைபேசியில் சிரித்துக்கொண்டு சொன்னாய், "அறை யன்னல் பூட்டுதில்லை அம்மா, இரவில காத்து வருது" என்று. நீ சொல்லி மறந்துவிட்டாய். அம்மா மறக்கவில்லை. உன்னைக் கொண்டுபோனது அந்த யன்னல் என்பதில் அவளுக்கு மருந்துக்கும் சந்தேகமில்லை. வைத்தியர் சொன்னதை நான் எத்தனை தரம் சொல்லியும் எடுபடவில்லை. வீட்டில் எல்லா யன்னல்களையும் பூட்டி, இடுக்குகளில் துணி அடைத்து வைத்திருந்தாள். கோடையிலும் திறக்க விடவில்லை. அவள் கிளேட்டனுக்குப் போவது தேநீர் குடிக்க இல்லை, யன்னலைப் பார்க்க என்று எனக்குத் தெரியும். பார்த்தால் என்ன செய்வாள் என்றுதான் தெரியவில்லை.

வெறுங்கையோடு போகலாமா என்று காலையிலேயே எழும்பி ரோல்ஸ் பொரித்தாள். உனக்குப் பிடித்த ஆட்டிறைச்சி இல்லை, வருடம் திரும்பவில்லை என்பதால் மரக்கறி. நீ போனபிறகு அந்த வாசம் வீட்டில் வந்தது அன்றைக்குத்தான். "ஐ ஆம் நொட் கமிங்" என்று துவாரகா கதவை அடித்துச் சாத்தினாள். நான் காரை எடுக்கும்போது வந்து பின்சீட்டில் ஏறி, காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

விடுதி வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பிள்ளை மேசையில் இருந்து பெயர் பதிந்தது. உங்கள் மாணவர் யார் என்று கேட்டது. அம்மா உன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள், உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளில் சொன்னது மாதிரி. அந்தப் பிள்ளை மாணவர் பட்டியலில் மேலிருந்து கீழே விரலோட்டியது, திரும்பவும் ஓட்டியது. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

துவாரகாதான் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னாள். இங்கே இருந்தது என் அண்ணா, போன வருடம் செத்துப்போனான், நீங்கள் தெரியாமல் அழைப்பு அனுப்பிவிட்டீர்கள், அதுதான் வந்தோம் என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். முகம் வெளிறிவிட்டது. யாரையாவது கூப்பிடலாமா என்று சுற்றிப் பார்த்தது. பிறகு பேனையை எடுத்து மூன்று ஒட்டுத்தாள்களில் 'அபியின் குடும்பம்' என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்தது. அம்மா அதைச் சேலையில் தோள்பக்கம் ஒட்டிக்கொண்டு, "தாங்க் யூ, டார்லிங்" என்றாள்.

நாங்கள் நடை போனோம். நூலகத்தைக் காட்டினார்கள். நீ எந்த மேசையில் இருந்திருப்பாய் என்று நான் ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். எல்லா மேசையும் ஒரே மாதிரி. மத்தியானம் அம்மாவின் ரோல்ஸ் அவர்களுடைய கேக்குக்குப் பக்கத்தில் இருந்து முதலில் முடிந்தது. யாரோ ஒரு தகப்பன் வந்து, உங்கள் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். எஞ்சினியரிங் என்றேன். நல்லது என்றார்.

பின்னேரம் அறை. மூன்றாம் மாடி, தாழ்வாரத்தின் கடைசி. உன் சாமான்களை எடுக்கச் சித்தப்பாவும் நானும் போன அறை. அம்மா, உன்னைக் கொண்டுபோய் விட்ட நாளுக்குப் பிறகு பார்க்காத அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே முகமெல்லாம் புள்ளி விழுந்த ஒரு நாட்டுப்புறத்து வெள்ளைக்காரப் பையன். அவன் தாய் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் ஒட்டுத்தாளைப் பார்த்துச் சிரித்து, உங்கள் மகனின் அறை எது என்று கேட்டாள்.

"திஸ் ஒன்" என்றாள் அம்மா.

அந்தப் பெண் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்தாள். தலையணை உறையைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் இருந்துவிட்டாள். பையன் கதிரையை இழுத்துப் போட்டான். அம்மா அதில் இருக்கவில்லை. நேரே யன்னலடிக்குப் போனாள். இது பூட்டாது, உன் பிள்ளைக்குக் குளிரும் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தத் தாயிடம் சொன்னாள். அவள் குரல் ஏறத் தொடங்கியது. நான் கையைப் பிடிக்கப் போனேன்.

"அது பூட்டும்" என்றான் பையன். பக்கத்தில் வந்து யன்னலைக் கொஞ்சம் மேலே தூக்கி, பிறகு இழுத்தான். டக் என்று பூட்டியது.

அம்மா திறந்தாள். தூக்கி, இழுத்தாள். டக். திரும்பவும் செய்தாள். பிறகு உள்ளங்கையை யன்னல் ஓரத்தில் மேலிருந்து கீழே வரைக்கும் வைத்து வைத்துப் பார்த்தாள். காற்று வரவில்லை.

உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டாள். பக்கத்து அறைக்காரன் காட்டினான் என்றான் பையன். எனக்கு முதல் இந்த அறையில் இருந்தவன் கண்டுபிடித்ததாம், குளிர் தொடங்கினவுடனேயே அவன் பக்கத்து அறைக்காரனுக்கும் காட்டிக் கொடுத்தானாம் என்றான். சொல்லி முடித்த பிறகுதான், அந்த இருந்தவன் யார் என்பது அவனுக்கு விளங்கியது. மன்னியுங்கள் என்றான். அவனுடைய தாய் எழும்பி வந்து அம்மாவைக் கட்டிப் பிடித்தாள். அம்மா மரம்போல் நின்றாள்.

கார் தரிப்பிடத்தில்தான் வாய் திறந்தாள். "அவனுக்குப் பூட்டத் தெரிஞ்சிருக்கு."

"ஓம்" என்றேன்.

"அப்ப என்ர பிள்ளை குளிருக்க கிடக்கேல்லை."

"இல்லை வசந்தி. கிடக்கேல்லை."

"அப்ப என்னத்தாலயப்பா? என்னத்தால?"

அவள் காரின் மேல் சாய்ந்து குழறி அழுதாள். இவ்வளவு நாளும் அவள் அழுதது அந்த யன்னல் மேலிருந்த கோபத்தில். இது வேறு அழுகை. கோபிக்க இனி ஒரு சாமானும் இல்லை. பலூனோடு போன குடும்பங்கள் விலகிப் போயின. துவாரகா அவளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்றாள். நான் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றேன். அபி, நீ ஏன் அம்மாவுக்குச் சொல்லவில்லை? யன்னல் சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை? ஆனால் யார்தான் இதையெல்லாம் தாய்க்குச் சொல்கிறார்கள். நானும் என் தாய்க்குச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எழும்பி, யன்னல் இடுக்குகளில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தோய்க்கப் போட்டாள். அவளுக்கு நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அது பெரிய சொல். பிறகு என்னிடம், "சிவமண்ணைக்கு ஃபோன் எடுங்கோ" என்றாள்.

எடுத்தேன். "அண்ணை, உங்கட சின்னவளின்ர கொண்டாட்டத்துக்கு எங்களுக்கும் கார்ட் தாங்கோ. வாறதும் வராததும் எங்கட பாடு. கூப்பிடாமல் மட்டும் விடாதேங்கோ."

"உங்களை நோகப்பண்ணக் கூடாதெண்டுதானடா தம்பி..." என்றார் சிவம் மாமா. தெரியும் அண்ணை, நானும் அப்படிச் செய்தவன்தான் என்றேன்.

ஆவணியில் உன் ஆட்டைத் திவசம். அந்தப் பையனையும் தாயையும் கூப்பிட்டிருக்கிறோம். அடுத்த வருடம் விடுதிக்காரர் தங்கள் பிழையைத் திருத்திவிடுவார்கள், எங்களுக்கு அழைப்பு வராது. அது சரிதான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அபி. குளிர்காலம் வருகிறது. காற்று அடிக்கும்போது அம்மாவுக்கு மறந்துவிடும், நீ அங்கே குளிரில் கிடக்கிறாய் என்று பதைத்து எழும்புவாள். அப்போதெல்லாம் நான் பக்கத்தில் இருப்பேன். எத்தனை தரம் என்றாலும் சலிக்காமல் சொல்லுவேன்: அவனுக்குப் பூட்டத் தெரியும், வசந்தி. அவன் பூட்டிப்போட்டுத்தான் படுத்தவன்.

அபியின் குடும்பத்தில் ஒருவன்,
உன் அப்பா