முதலில் அவளுக்கு ஊசி

இன்று காலை இறால் உரிக்கும்போது முள் குத்தி என் விரலில் ரத்தம் வந்தது. குழாயடியில் கழுவிக்கொண்டு நிற்கையில் உன் நினைவு வந்துவிட்டது.

காசிமேட்டில் நாமிருவரும் அருகருகே உட்கார்ந்து இறால் உரித்த காலத்தில், முள் குத்தினால் நீ சட்டென்று எழுந்துவிடுவாய். "நவுருடி, தொடாத" என்பாய். நீயே கழுவி, நீயே துணி சுற்றிக்கொண்டு வருவாய். கர்ப்பத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் உனக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரிந்ததிலிருந்து அப்படித்தான். கூட வேலை செய்த பெண்கள் உன் சொம்பைத் தொடாமல் ஒதுங்கியபோது நீ அழவில்லை. "ரத்தத்துலதான்மே கீது. கூட குந்திக்கினு துன்னா ஒட்டாது, டாக்டரே சொல்ட்டாரு" என்று சத்தமாகச் சொன்னாய். உன் கணவரையும் என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்க வைத்தாய்; தடுப்பூசியும் போட வைத்தாய்.

உன் அம்மா வயிறு வீங்கி இறந்ததைத் தெருவே செய்வினை என்றது. நீ பிறக்கும்போதே அவரிடமிருந்து உனக்கு இது வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நீ இரண்டு பஸ்களை ஏறாமல் விட்டுவிட்டாய். பிறகு, "என் கொயந்தைக்கு வரக்கூடாதுடி" என்றாய்.

பிரசவ அறைக்கு வெளியே நின்ற எனக்கு உன் குரல் கேட்டது.

"மொதல்ல அதுக்கு ஊசி போடுங்கோ, அப்பால என் கைல குடுங்கோ!"

"ரெண்டு தொடையிலயும் போட்டாச்சும்மா. தைரியமா பால் குடு" என்றார் நர்ஸ்.

அதன் பிறகுதான் குழந்தையை வாங்கினாய். மீதி ஊசிகளுக்கும் தவறாமல் தூக்கிப் போனாய். ஒரு வயதுக்கு மேல் எடுத்த பரிசோதனையில் அவளுக்கு இல்லை என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாய்.

அந்தக் கிருமியை அடக்க டாக்டர் உனக்குக் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டாய். கேட்டால், "நல்லாத்தான கீறேன், இன்னாத்துக்கு மாத்திரை?" என்பாய். வலி எதுவும் காட்டாமலே ஈரல் கெட்டுக்கொண்டிருந்தது. உன் வயிறும் வீங்கத் தொடங்கி, ஸ்கேன் எடுத்தபோது புற்றுநோய் முற்றியிருந்தது.

கடைசியாக நான் பார்க்க வந்த மதியம், கண்ணைத் திறக்காமலே கேட்டாய். "பாப்பா எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"துன்னாளா?"

அவ்வளவுதான் பேசினாய்.

உன் கணவர் விடியற்காலையிலேயே துறைமுகத்துக்கு லாரி ஓட்டப் போய்விடுகிறார். பாப்பா சீப்பை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறாள். அவளுக்காகக் காட்டிய பிடிவாதத்தில் கொஞ்சம் உனக்காகவும் காட்டியிருக்கலாம். உன்மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் தினமும் உன் மகளுக்குப் பின்னல் போட்டுவிடுகிறேன்.